மரூன் பெயிண்ட் அடித்த கிதார்

எழுபத்து நாலு வயதில் ஒருவன் கிதார் செய்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் "வாசிப்பீங்களா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. ரயில்வே பட்டறையில் 42 வருடம் பேட்டர்ன் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். வார்ப்பிரும்பில் ஒரு சாமான் வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே சாமானை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரத்தை மணலில் பதித்து எடுத்துவிட்டு, விழுந்த குழியில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். ஆக, மரத்தில் நகல் எடுப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் கற்றதை வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் செலவழித்து, 1962-ஆம் வருடத்து ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் கிதாரைப் போல ஒன்றைச் செய்து முடித்தேன்.

ஏன் செய்தேன் என்பதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் முழுக்கதையும் தெரியும்.

கிதார் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆறு தந்தி. பேஸ் கிதாரில் நாலுதான், அதுவும் தடித்த தந்திகள். பாட்டைக் கீழே இருந்து தாங்குகிற ஒலி அதனுடையது. கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் தெரியுமே, அதுதான். பாட்டு ஓடும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால், என்னமோ குறைகிறதே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் மேல்நாட்டு இசைக்குழுக்களில் இந்த வேலையை ஆள் உயர டபுள் பேஸ் செய்துகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. டிரம்ஸும் எலக்ட்ரிக் கிதாரும் முழங்கினால் இதன் சத்தம் எடுபடாது. மெட்டுகள் கிடையாது என்பதால் விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் சுருதி விலகிவிடும். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் 1951-ல் அவர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ்தான் உலகம் முழுக்கப் பரவியது. கெட்டி மரத்தில் உடம்பு, நம் வீணையைப் போல மெட்டுகள், தந்திக்கு அடியில் காந்தச் சுருள். மெட்டு இருப்பதால் சுருதி துல்லியமாக நிற்கும் என்பதற்காகவே 'பிரசிஷன்' என்று பெயர் வைத்தார்கள்.

லியோ ஃபெண்டருக்கும் கிதார் வாசிக்கத் தெரியாது. எனக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல். அவர் பழுது பார்க்கிறவர். அந்தப் புத்தி அவர் செய்த ஒவ்வொன்றிலும் தெரியும். கிதாரின் கழுத்தை உடம்போடு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். ரயில்வே பட்டறைக்காரனுக்கு இந்த யோசனை சொல்லாமலே புரியும்.

இனி என் நண்பனைப் பற்றி. தன் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். பட்டறையில் நாங்கள் அவனை 'பேஸ்' என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஃபிட்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் என்றாலும் வாடா போடாதான். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய தாய்மாமன் 1966-ல் நியூயார்க்கிலிருந்து பழைய சாமானாக வாங்கிவந்து கொடுத்தது அந்த பேஸ் கிதார். சனிக்கிழமைகளில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் டான்ஸுக்கு வாசிப்பான். ஞாயிறு காலையில் கோயிலில் பாடகர் குழுவோடு நிற்பான்.

1969 கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு நானும் போனேன். உள்ளே விட மாட்டார்கள். காலில் ஷூவும் கிடையாது, கழுத்தில் டையும் கிடையாது. வெளியே ஜன்னலோரம் சுவரில் கை வைத்து நின்றேன். அவன் வாசிக்க ஆரம்பித்ததும் உள்ளங்கைக்கு அடியில் சுவர் அதிர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிதார் விளக்கொளியில் தகதகவென்று இருந்தது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு, ஓரம் போகப்போகக் கறுப்பு. ஆமை ஓட்டு நிறத்தில் ஒரு தகடு. தந்திகளின் மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இரண்டு குரோமியம் மூடிகள். மெல்லிய தந்திக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டை.

1974 மே மாதம் ரயில்வே ஸ்டிரைக். என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மே 8 முதல் 27 வரை இருபது நாள். கைது செய்கிறார்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று ஒரே கலவரம். 'பேஸ்' குவார்ட்டர்ஸில் இருந்தவன். மனைவியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனான். போகும் முன் ராத்திரியோடு ராத்திரியாக அயனாவரத்தில் என் வீட்டுக்கு வந்து கிதார்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "பத்திரமா வெச்சிருடா. உன்னை நம்பித்தான் வெக்கிறேன்" என்றான்.

எனக்கு 24 வயது. வேலை இல்லை, கை சும்மா இருக்காது. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். பெயிண்ட் அங்கங்கே கீறியிருந்தது. முழங்கை உரசும் இடத்தில் மரம் தெரிந்தது. சரி, திரும்பி வருவதற்குள் புதுசாக்கிக் கொடுத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றி நோட்டில் அளவு எழுதினேன். அது என் வழக்கம். பிறகு உப்புத்தாள் போட்டுப் பழைய பெயிண்டைச் சுத்தமாக எடுத்தேன். மூடிகள் எதற்கு, நல்ல மெஷினை மறைக்கிறதே என்று இரண்டையும் ஒதுக்கினேன். ஒரு மூடிக்கு உள்ளே கிழிந்த நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. அழுக்கு என்று பிய்த்துப் போட்டேன். அந்தக் கறுப்புக் கட்டையை அவன் வாசிக்கும்போது தொட்டு நான் பார்த்ததே இல்லை. அதையும் கழற்றி, ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்தேன். கடைசியில் மூன்று கோட் பெயிண்ட். என்ன நிறம்? நம் ரயில் பெட்டியின் மரூன்தான். அன்றைக்கு எனக்கு உலகத்திலேயே அழகான நிறம் அது. மூடிகளில் ஒன்று பிறகு பட்டறையில் பீடிச் சாம்பல் தட்டும் கிண்ணமாகிக் காணாமல் போனது. இன்னொன்று போன இடமே தெரியவில்லை.

ஸ்டிரைக் முடிந்து வந்தான். பெட்டியைத் திறந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லா அடிச்சிருக்கடா பெயிண்ட்டு" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு 19 வருடம் அந்த மரூன் கிதாரைத்தான் வாசித்தான். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றே நான் நம்பினேன். மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கூட இருக்கிறேன், "அதுக்கு பெயிண்ட் அடிச்சது நான்தான்" என்று.

2021 கடைசியில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. நல்லவேளையாகப் பேச்சு போகவில்லை. வலது கையில் விரல்கள் மட்டும் சரியாக மடங்கவில்லை. பார்க்கப் போயிருந்தேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மகள் காபி கொடுத்துவிட்டுப் பழைய கதை பேசினாள். அவள் இப்போது பேங்க் ஆபீசர். "1993-ல அந்தக் கிதாரை வித்துத்தான் அங்கிள் அப்பா என்னைக் காலேஜ்ல சேர்த்தாரு. எனக்கு என்ஜினியரிங் ஆசை. பம்பாய்லேர்ந்து வந்த ஆளு, பெயிண்ட் மாத்தியிருக்கு, மூடியெல்லாம் இல்லை, ஒரிஜினலா இருந்தா மூணு மடங்கு தருவேன்னு சொல்லிட்டாரு. கிடைச்ச பணத்துல பி.எஸ்ஸி. சேர்ந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு."

அந்தக் காபியை நான் குடித்தேனா என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்கு முன் செய்த கிதார்களுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு. அதிலும் முதல் பெயிண்ட் இருக்க வேண்டும், முதல் உதிரிகள் இருக்க வேண்டும். பெயிண்ட் மாற்றினால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். நான் அழகுபடுத்திய ஒவ்வொன்றும் அதன் விலையில் ஒரு ஓட்டை.

பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டான். பேச்சை எடுத்தாலே "அதை விடுடா" என்பான். அசலை வாங்கிக் கொடுக்க என் பென்ஷனுக்கு வழியில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை மரத்தில் நகல் செய்வது. பரணில் தேடினேன். 1974 நோட்டு கிடைத்தது.

அந்த நோட்டு என்னை ஒரு வாரம் குழப்பியது. பிரசிஷன் பேஸில் தந்தியின் நீளம், அதாவது மேல்முனையில் இருக்கும் எலும்புப் பாலத்திலிருந்து கீழ்ப்பாலம் வரை, 34 அங்குலம். உலகத்துக்கே தெரிந்த கணக்கு. என் நோட்டில் 33 5/8-க்கு ஒரு மயிரிழை அதிகம் என்று இருந்தது. கழுத்தின் அகலம், உடம்பின் நீளம், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைவு. அவனுடையது போலியாக இருக்குமோ என்றுகூட ஒரு ராத்திரி சந்தேகப்பட்டேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது பளிச்சென்று புரிந்தது. காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்று எங்களிடம் ஒரு தனி அளவுகோல் உண்டு. அதில் ஒரு அடி என்பது உண்மையில் 12 1/8 அங்குலம். அன்றைக்கு வீட்டில் கைக்குக் கிடைத்தது அந்த ஸ்கேல்தான்! ஒவ்வொரு அளவையும் 97-ஆல் பெருக்கி 96-ஆல் வகுத்தேன். 34 அங்குலம் கணக்காக வந்தது. நாற்பத்தெட்டு வருடம் கழித்து என் இளம் வயசு நோட்டு என்னிடம் பொய் சொல்லவில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. கழுத்தைக் கழற்றியபோது அடிப்பக்கத்தில் மையில் குத்தியிருந்த மாதமும் வருடமும்: மே 62. அதனால் எந்த மாதத்துக் கிதாரைச் செய்கிறேன் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

உடம்புக்கு ஆல்டர் மரம், கழுத்துக்கு மேப்பிள். இரண்டும் நம் ஊர் மரங்கள் அல்ல. நியூ ஜெர்ஸியில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். கழுத்தில்தான் முதல் அடி வாங்கினேன். தந்தி இழுக்கும் இழுப்பில் கழுத்து வளையாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடும். 1950-களின் கிதார்களில் அந்தக் கம்பியைப் பின்பக்கம் காடி வெட்டி உள்ளே வைத்து, வால்நட் பட்டையால் மூடுவார்கள். படித்ததை நம்பி நானும் பின்னால் காடி வெட்டிவிட்டேன். பிறகுதான் நோட்டைப் புரட்டினேன். "கழுத்துப் பின்புறம்: பட்டை இல்லை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. 1959-லிருந்து முன்பக்கம் தனியாக ரோஸ்வுட் பலகை ஒட்ட ஆரம்பித்தார்கள். கம்பியை முன்பக்கத்திலிருந்தே வைத்து அந்தப் பலகையால் மூடிவிடலாம், பின்னால் பட்டைக்கு வேலை இல்லை. ஒரு மேப்பிள் கட்டை வீண். அடுத்த கட்டை வர நாலு மாதம்.

ரோஸ்வுட் என்றால் அவர்கள் அப்போது போட்டது பிரேசில் நாட்டு மரம். 1992-லிருந்து உலக ஒப்பந்தப்படி அந்த மரத்தின் வணிகத்துக்குக் கடும் தடை. ஆனால் ஃபெண்டர் கம்பெனியே 1960-களின் நடுவில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்போமே அது. மனைவியின் பாட்டி காலத்து ஈட்டிக் கட்டில் ஒன்று பரணில் பிரித்து வைத்திருந்தது. தலைமாட்டுப் பலகையைக் கேட்டேன்.

"ஏங்க, ஒரு கிதாரைக் கெடுத்தது போதாதா, எங்க பாட்டி கட்டிலையும் கெடுக்கணுமா?" என்றாள். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் பலகை துடைத்துச் சுத்தமாக என் பட்டறை மேஜையில் இருந்தது. அசலிலிருந்து நான் வேண்டுமென்றே விலகிய முதல் இடம் அது. விலகியதில் வருத்தம் இல்லை.

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். தேவைப்பட்டால் உருக்கி மறுபடி அமைக்கலாம். இதில் மரத்தில் ரம்பத்தால் கீறி அடித்து இறக்க வேண்டும், தப்பினால் தப்பியதுதான். கணக்கு எளிது. மீதியிருக்கும் தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு. 34 அங்குலம் என்றால் 863.6 மில்லிமீட்டர், முதல் மெட்டு 48.47-ல் வரும், பன்னிரண்டாவது சரிபாதியில், 431.8-ல். மொத்தம் 20. ஒன்றிலிருந்து அடுத்தது என்று அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும். எல்லாவற்றையும் மேல்முனையிலிருந்தே அளக்க வேண்டும். இது பேட்டர்ன் ஷாப்பில் முதல் வருடம் சொல்லிக் கொடுப்பது.

காந்தச் சுருள் இன்னொரு கதை. ஒரு தந்திக்கு இரண்டு காந்தம், நாலு தந்திக்கு எட்டு. இரண்டு தந்திக்கு ஒரு சுருளாக இரண்டு சுருள். ஒவ்வொன்றிலும் சுமார் 10,000 சுற்று. கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஒரு சுருளுக்குக் காந்தமும் சுற்றும் திசையும் மற்றதற்கு நேர்எதிராக இருக்கும். அதனால் டியூப்லைட்டிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அடங்கிவிடும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். 1957-ல் வந்த ஏற்பாடு இது. தெருமுனையில் ஃபேன் வைண்டிங் கடை வைத்திருக்கும் தம்பியிடம் சுற்று எண்ணும் மெஷின் இருந்தது. "சார், ஃபேன் கம்பி இது பக்கத்துல கயிறு மாதிரி சார்" என்றான். முதல் சுருள் ஆறாயிரத்துச் சொச்சத்தில் அறுந்தது. இரண்டாவது எட்டாயிரத்தில். மூன்றாவதை நானே கையால் கம்பியைப் பிடித்து, மூச்சை அடக்கிச் சுற்றினேன். ஃபெண்டரில் 1956-ல் சேர்ந்து பல பத்தாண்டுகள் சுருள் சுற்றிய அபிகெய்ல் இபாரா என்ற அம்மையாரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்தக் கையை நினைத்து ஒரு கும்பிடு போட்டேன்.

பெயிண்ட்டுக்கு என்.சி. லாக்கர்தான், நைட்ரோசெல்லுலோஸ். அசலும் அதுதான். நம் ஊர் பாலீஷ்காரர்களுக்குப் பழக்கமானது. கார்த்திகை மாதம் ஆரம்பிக்கப் போனேன். "ஈரக்காத்துல அடிச்சா வெள்ளையா பூத்துப் போயிடும் சார். தை பொறக்கட்டும்" என்றார் பெயிண்டர். காத்திருந்தேன். 1974-ல் எனக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தை பிறந்ததும் மஞ்சள், சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. ஆமை ஓட்டுத் தகடு அசலில் செல்லுலாய்டு. அது சீக்கிரம் தீப்பிடிக்கும், அனுப்ப யாரும் தயாராக இல்லை. அதே நிறத்தில் வேறு பிளாஸ்டிக் போட்டேன். இது இரண்டாவது விலகல்.

பழைய கிதார்களுக்கு நகல் செய்கிறவர்களில் சிலர், அறுபது வருடத் தேய்மானத்தையும் சேர்த்தே செய்கிறார்கள். கீறல் போட்டு, நிறம் மங்க வைத்து, துரு பிடிக்க வைத்து. நானும் யோசித்தேன். நான் கெடுத்தது அவன் கை பட்டுப் பழசான கிதாரை. அந்தத் தேய்மானத்தை நான் எப்படிச் செய்ய முடியும்? முழங்கை உரசிய இடம் அவனுடைய முழங்கை உரசியது. அதனால் 1962 மே மாதம் பேக்டரியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படியே செய்தேன்.

இந்த வேலையில்தான் நான் தூக்கி எறிந்தவை ஒவ்வொன்றும் எதற்கு இருந்தன என்று தெரிந்தது. மூடிக்கு உள்ளே இருந்த நுரைப்பஞ்சு அழுக்கு அல்ல. மூடியைப் போட்டதும் அது தந்தியின் அடியோரத்தை லேசாக அழுத்தும். ஒலி இழுத்துக்கொண்டு போகாமல், டபுள் பேஸைப் போல 'தும்' என்று சுருக்கமாக முடியும். டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கிதாரும் 1962 பிரசிஷன் பேஸ்தான். அவர் அந்தப் பஞ்சை விட்டுவைத்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். அமெரிக்கா முழுக்கப் பாடிய எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளம் அந்த ஒரு விரல். ஆனால் பல வருடம் இசைத்தட்டுகளில் அவர் பெயரே போடவில்லை. 1971-ல்தான் முதன்முதலாக மார்வின் கேயின் தட்டு ஒன்றில் போட்டார்கள். 1983-ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அந்தக் கிதார் திருட்டுப் போனது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

கறுப்புக் கட்டைக்கும் காரணம் இருந்தது. லியோ ஃபெண்டர் நினைத்தது, பேஸைக் கட்டைவிரலால் வாசிப்பார்கள் என்று. மற்ற விரல்களை அந்தக் கட்டையில் மாட்டிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தந்தியைத் தட்ட வேண்டும். பலர் பிற்பாடு விரல்களால் வாசிக்கப் போய்விட்டதால் அது பயனில்லாத சாமான் போலத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான்.

அந்தக் கட்டையைச் செய்ய மரம் தேடி என் பழைய டூல் பாக்ஸின் இழுப்பறையை இழுத்தேன். இழுத்த கையைப் பார்த்தேன். கறுப்புக் கைப்பிடி. இரண்டு ஸ்க்ரூ. நோட்டில் குறித்திருந்த இரண்டு ஓட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தை வைத்துப் பார்த்தேன். அதேதான். 1974-ல் கழற்றியதை வீணாக்க மனமில்லாமல் இழுப்பறைக்குக் கைப்பிடியாக மாட்டியிருக்கிறேன். நாற்பத்தொன்பது வருடம் தினமும் அதைப் பிடித்து இழுத்திருக்கிறேன்!

கடைசியில் கிதாரின் தலையில் பெயர் எழுதும் இடம் வந்தது. ஃபெண்டர் என்ற ஸ்டிக்கர் பணம் கொடுத்தால் கிடைக்கிறது. ஒட்டவில்லை. நாளைக்கு யாராவது இதை அசல் என்று நம்பி வாங்கி ஏமாறக் கூடாது. இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒருவர் நஷ்டப்பட்டது போதும். கழுத்தின் அடியில், அவர்கள் மாதமும் வருடமும் குத்துகிற இடத்தில், பென்சிலால் என் பெயரையும் 2024 என்றும் எழுதி முடுக்கினேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். பேரனின் சின்ன ஆம்ப்ளிபையர் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் 'பேஸ்' ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் பார்த்தான். 1974-ல் பார்த்த அதே பார்வை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு இடது கையால் அந்தக் கறுப்புக் கட்டையைத் தடவினான்.

"இது பழசாச்சேடா. எங்க இருந்துச்சு?"

"என் டூல் பாக்ஸ்ல. டிராயருக்குக் கைப்பிடியா."

சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வரும்வரை சிரித்தான்.

மகள் கிதாரை மடியில் வைத்துக் கொடுத்தாள். இடது கை பழைய இடங்களைத் தானாகவே தேடிப் போனது. வலது கை விரல்கள் மடங்காது என்று சொன்னேன் அல்லவா? அந்த விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்துக் கறுப்புக் கட்டையில் மாட்டினான். அவை அங்கே நின்றன. கட்டைவிரல் மட்டும் இறங்கியது. 'தும்'. பஞ்சு பிடித்த, சுருக்கமான 'தும்'. இன்னொன்று. பிறகு தட்டுத்தடுமாறி ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் கீழ்க்குரல். அறையில் யாரும் பாடவில்லை, ஆனால் எல்லோருக்கும் பாட்டு கேட்டது. நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன்.

கால் மணி நேரம் வாசித்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். தடித்த தந்தியை மறுபடி தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டான்.

"ஏழாவது மெட்டு லேசாத் தூக்கியிருக்குடா. தந்தி அடிபட்டு அதிருது பாரு. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டா."

ஐம்பது வருடத்தில் என் வேலையில் அவன் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. கிதாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போது அது மேஜை மேல் இருக்கிறது. மெட்டை ராவி மட்டமாக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.